ஆறாம் வகுப்புக்கு ஒரு மாயக்கதை: தமிழில் அது ஏன் 200 பக்கத்தைத் தாண்டுவதில்லை?

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரும் பெற்றோர் சிறார் நூல் அரங்குகளில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஆறாவது படிக்கிறா. பெரிசா ஒரு மாயாஜாலக் கதை வேணும். தமிழ்ல இருக்கா?” அலமாரியில் 24, 32 பக்கப் படக்கதைகள் இருக்கும். 64 முதல் 100 பக்கம் வரையிலான குறுநாவல்களும் இருக்கும். அதற்கடுத்து ஒரே தாவலில் பெரியவர்களின் சரித்திர நாவல்கள். இரண்டுக்கும் நடுவே, பத்து முதல் பதின்மூன்று வயது வரை உள்ளவர்கள் ஒரு வாரம் மூழ்கிக் கிடக்கத்தக்க 200 பக்க மாயக்கதை அரிதாகவே கண்ணில் படும்.

இதற்கு வழக்கமாக இரண்டு காரணம் சொல்வார்கள். பிள்ளைகள் தமிழ் படிப்பதில்லை என்பது ஒன்று. எழுத ஆளில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, பாதிக்கு மேல் இல்லை. மீதிக் காரணம் கதைக்குள் மாயம் இயங்கும் விதத்திலும், தமிழ் மொழியின் அமைப்பிலும், அச்சகத்தின் பாரக் கணக்கிலும் (பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுப்பே பாரம்) இருக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று பிடித்திழுக்கின்றன என்பதால் அடிப்படையிலிருந்தே பார்க்க வேண்டும்.

எதை மாயப் புனைவு என்கிறோம்

மாயாஜாலக் கதை, மிகுபுனைவு, அதிபுனைவு என்று பல பெயர்கள் புழங்குகின்றன. இங்கே ‘மாயப் புனைவு’ என்றே வைத்துக்கொள்வோம். நம் உலகில் நடக்க முடியாத ஒன்று கதையில் நடக்க வேண்டும். கதைமாந்தர் அதை உண்மையென ஏற்று, அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும். கடைசியில் ‘எல்லாம் கனவு’ என்று முடிந்தால் அது மாயப் புனைவு ஆகாது. அதுவரை பக்கம் புரட்டிய வாசகரை ஏமாற்றியதாகத்தான் கொள்ள வேண்டும்.

அமைப்பை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

1. மாயம் நம் ஊருக்குள் வருவது. கண்மாய்க் கரையில் நிற்கும் சுடுமண் குதிரை ஓரிரவு நடக்கிறது. ஊர், பள்ளி, வீடு எல்லாம் வாசகருக்குத் தெரிந்தவை. புதிதாக விளக்க வேண்டியது ஒன்றே ஒன்று. குறைந்த பக்கத்தில் முடிக்கலாம்.

2. வாசல் கதை. இங்கிருந்து வேறோர் உலகுக்குப் போய்த் திரும்புவது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிந்த சுவர்கள் அப்படி ஒரு வாசலாகலாம். அங்கே எல்லாம் புதிது. ஆனால் போகிற பிள்ளைக்கும் புதிது என்பதால் விளக்கம் தானாக வந்துவிடும்.

3. முழுத் தனி உலகம். நாணயம், நாட்காட்டி, சோறு, சாமி எல்லாவற்றையும் கட்டியெழுப்ப வேண்டும். பக்கத்தை விழுங்குவது இதுதான்.

நீளத்தைப் பொறுத்தவரை, நடைமுறையில் ஒத்துவரும் அளவுகள் இவை: ஆறு முதல் எட்டு வயதுக்கு 1,000 முதல் 2,500 சொல், எட்டு முதல் பத்துக்கு 5,000 முதல் 10,000, பத்து முதல் பதின்மூன்றுக்கு 20,000 முதல் 35,000. ஆங்கிலப் பதிப்புலகின் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பும். ‘வீட்டுக்குள்ளிருந்து வந்தவளைப் பார்த்தான்’ என்பது தமிழில் மூன்று சொல். ஆங்கிலத்தில் இதையே சொல்ல எட்டு, பத்துச் சொல் வேண்டும். வேற்றுமை உருபும் பால் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் தமிழில் சொல் குறையும், ஒவ்வொரு சொல்லும் நீளும். வாசிக்கும் பிள்ளைக்கு உழைப்பு குறைவதில்லை.

மாயத்துக்கு விதி: நம் பழங்கதைகள் ஏற்கெனவே செய்து வைத்தது

‘மந்திரம்தானே, எது வேண்டுமானாலும் நடக்கலாம்’ என்று எழுதத் தொடங்கும் கதை நாலாவது அத்தியாயத்தில் படுத்துவிடும். எதுவும் நடக்கலாம் என்றால் எது நடந்தாலும் பிள்ளைக்குக் கவலையில்லை. மாயத்தால் எது முடியாது, எவ்வளவு செலவாகும் என்பதில்தான் கதையே இருக்கிறது.

இந்தப் பாடத்துக்கு வெளியே போக வேண்டாம். விக்கிரமாதித்தன் – வேதாளம் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டே விதி. அரசன் வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் அரசன் தலை சுக்குநூறாகும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரணம். சேர்த்து வைத்தால் தப்பிக்க வழியில்லாத பொறி. அந்தப் பொறிதான் இருபதுக்கும் மேற்பட்ட கதைகளை ஒரே சட்டகத்தில் தாங்கி நிற்கிறது. முடிவும் விதிக்குள்ளிருந்தே வருகிறது: கடைசிக் கேள்விக்கு அரசனுக்கே விடை தெரியவில்லை, அதனால் மௌனமாக நடக்கிறான், பொறி திறக்கிறது. வெளியிலிருந்து ஒரு தேவதை வந்து காப்பாற்றவில்லை.

கூடுவிட்டுக் கூடு பாய்தல் இன்னும் கூர்மையானது. அடுத்த உடலுக்குள் போகலாம்; போனால் சொந்த உடல் காவலின்றிக் கிடக்கும், அதற்குள் வேறொருவன் புகுந்துவிடலாம். சக்திக்குள்ளேயே ஆபத்தைப் பொதிந்து வைத்த வடிவம் இது. ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதியும் அப்படித்தான். உலகெங்கும் உள்ள இக்கதைக்கு நாட்டார் கதைகளின் ஆர்னே–தாம்சன்–ஊத்தர் அட்டவணையில் 302 என்ற எண். உயிர் உடலில் இல்லை என்பது அவன் பலம். அது வேறோரிடத்தில் இருக்கிறது என்பதே பலவீனம். ஒரே விதி இரண்டு வேலையும் செய்கிறது.

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் ஐந்து கேள்விக்கு விடை எழுதிக்கொள்வது நல்லது.

1. இந்த மாயத்தை யார் செய்யலாம், யாரால் முடியாது?
2. ஒவ்வொரு முறையும் எதை இழக்க வேண்டும்? (களைப்பு என்பது சோம்பலான விடை. ஒரு நினைவு, ஒரு நாள் பேச்சு, நிழல் என்று ஏதாவது குறிப்பாக இருக்கட்டும்.)
3. எந்த ஒன்றை அதனால் ஒருபோதும் செய்ய முடியாது?
4. இந்த விதி வாசகருக்கு எந்த அத்தியாயத்தில் தெரிகிறது?
5. உச்சக்கட்டம் இந்த விதியைக் கொண்டே தீர்கிறதா?

நாலாவது கேள்வியில்தான் பெரும்பாலான கைப்பிரதிகள் தடுக்கி விழுகின்றன. உச்சக்கட்டத்தில் பயன்படும் சக்தி புத்தகத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் ஒருமுறையாவது, முக்கியமில்லாத காரியம்போல, கண்ணில் பட்டிருக்க வேண்டும். 20 அத்தியாயக் கதையில் ஏழாம் அத்தியாயம்தான் கடைசி எல்லை. பதினெட்டாம் அத்தியாயத்தில் திடீரென்று பாட்டியின் மோதிரத்துக்கு ஒளி வந்தால் பத்து வயது வாசகரும் உதட்டைப் பிதுக்குவார்.

இன்னொரு பழைய வழக்கத்தையும் கைவிட வேண்டும். அரக்கன் கறுப்பு, இளவரசி சிவப்பு என்ற வண்ணக் கணக்கு பழங்கதைகளின் வழியே வந்து இன்றும் படங்களில் தொடர்கிறது. வகுப்பறையில் அமர்ந்து அதைப் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்த நிறம் என்று எழுதுபவரும் ஓவியரும் ஒரு கணம் யோசித்தால் போதும்.

தமிழ் இலக்கணம் கதைக்குள் செய்யும் வேலை

மொழிபெயர்ப்பு மாயக்கதைகளை மட்டும் படித்துவிட்டு எழுதுபவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. தமிழில் வினைமுற்று திணையையும் பாலையும் காட்டிக் கொடுத்துவிடும். முகமூடி போட்ட ஒருவர் ஆணா பெண்ணா என்று பத்து அத்தியாயம் மறைக்க நினைத்தால் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்ற ஒரே சொல்லில் குட்டு உடையும். ‘உருவம் அசைந்தது’ என்று அஃறிணையில் ஒளியலாம், ‘யாரோ வந்தார்’ என்று மரியாதைப் பன்மையில் ஒளியலாம். எதில் ஒளிவது என்பதை முதல் வரைவிலேயே முடிவு செய்ய வேண்டும். பாதியில் மாற்றினால் நூறு வினைமுற்றைத் தேடித் திருத்த நேரிடும், ஏழெட்டாவது தப்பும்.

பேசும் மரம் ‘சொன்னதா’, ‘சொன்னாரா’? மக்கள்தாம் உயர்திணை, மற்றவை எல்லாம் அஃறிணை என்பது தொல்காப்பியம் வகுத்த கோடு. மாயப் புனைவு அந்தக் கோட்டின் மேலேயே நடக்கிறது. முதல் அத்தியாயத்தில் ‘மரம் சொன்னது’ என்று தொடங்கி, பிள்ளை அதோடு நட்பான பிறகு ‘மரம் சொன்னார்’ என்று திரும்பினால், ஒரு விளக்க வரியும் இல்லாமல் உறவு மாறியது புரிந்துவிடும். ஆங்கில வினைமுற்றில் இந்த வசதி கிடையாது. இருப்பதைப் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

பேச்சு வழக்கும் அப்படியே. பிள்ளைகள் பேசுவது ‘எங்க போற?’, வேறு உலகத்து உயிர் பேசுவது ‘எங்கே போகிறாய்?’. எழுத்து வழக்கையே மாய உலகின் மொழியாக வைத்துவிட்டால், தமிழின் இரட்டை வழக்கு சுமையாக இல்லாமல் கருவியாகிறது. ‘நீர்’ என்ற இடைநிலை மரியாதை ஆயிரம் வயதுப் பூதத்துக்குக் கச்சிதம். வட்டார வழக்கை எவ்வளவு கொட்டலாம் என்றால், உரையாடலில் மட்டும், அதுவும் ஒலியைக் கெடுக்காத அளவு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் ‘என்னாத்துக்குங்குறேன்’ போன்ற சொல் ஒரு சுவர்.

பெயர்கள்: கயல், கவின், கனி என்று ஒரே எழுத்தில் மூவர் இருந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். முதல் எழுத்து வேறு வேறாக இருக்கட்டும். மாய உலகப் பெயர்களில் ல, ள, ழ மூன்றையும் திணித்தால் வாசித்துக் காட்டும் ஆசிரியருக்கே நாக்கு சிக்கும்.

ஒரு பத்தி, இரண்டு வடிவம்

இந்தச் சிக்கலை ஒரு பத்தி அளவில் பார்த்தால் தெளிவாகும். கைப்பிரதிகளில் அடிக்கடி தென்படும் வகை இது:

‘வானளாவிய மாளிகையின் பொற்கதவுகள் படாரெனத் திறந்தன. உள்ளே சொல்லொணா அழகு கொட்டிக் கிடந்தது. அதைக் கண்ட நிலா வியப்பின் எல்லைக்கே சென்றாள்.’

மூன்று வரியிலும் பார்க்க எதுவுமில்லை. ‘சொல்லொணா’ என்று சொல்லி எழுத்தாளர் தப்பித்துவிட்டார், வியப்பையும் அவரே அறிவித்துவிட்டார். ஓவியருக்கும் வரைய ஒன்றும் கிடைக்காது. அவர் தனக்குத் தெரிந்த ஏதோ ஓர் ஐரோப்பிய அரண்மனையை வரைந்து அனுப்புவார். திருத்திய வடிவம்:

‘நிலா கதவைத் தொட்டாள். அம்மிக்கல் மேல் கை வைத்ததுபோலச் சில்லிட்டது. உள்ளே ஒரே ஒரு விளக்கு. அதன் சுடர் மேல்நோக்கி எரியவில்லை. தரையை நோக்கித் தொங்கியது. அவள் தன் நிழலைத் தேடினாள். அது கூரையில் நின்றது.’

இங்கே ஒரு விதி சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது: இந்த வீட்டில் ஒளி தலைகீழ். பிற்பாடு நிழலை வைத்துத் தப்பிக்கப் போகிறாள் என்றால் விதை இங்கே போட்டாயிற்று. ஆனால் முன்னது 16 சொல், பின்னது 26. நல்ல மாயப் புனைவுக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. இனி அந்த இடத்தின் விலையைப் பார்ப்போம்.

பாரக் கணக்கு

புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை. பாரம் பாரமாக அச்சாகிறது. தமிழ் நூல்களில் பெரும்பாலானவை வரும் டெம்மி 1/8 அளவில், அதாவது சுமார் ஐந்தரைக்கு எட்டரை அங்குலத்தில், ஒரு பாரம் 16 பக்கம். 113 பக்கம் வந்தால் 112இல் அடக்க வேண்டும், இல்லையேல் 128க்குப் போக வேண்டும். அரைப் பாரம் அடிக்கலாம்தான், செலவு பாதியாகக் குறையாது.

25,000 சொல் கொண்ட ஒரே கைப்பிரதியை இரண்டு விதமாக அச்சிடுவோம்.

1. பெரியவர்களுக்கான நூலாக: 11 புள்ளி (பாயிண்ட்) அளவு எழுத்து, பக்கத்துக்கு ஏறத்தாழ 230 சொல். உரை 109 பக்கம். 22 அத்தியாயத் தலைப்புகள் தலா அரைப் பக்கம் விழுங்குவதால் 11. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், பொருளடக்கம் முதலியவை 8. மொத்தம் 128 பக்கம், எட்டு பாரம்.

2. சிறார் நூலாக: 13 புள்ளி எழுத்து, அகன்ற வரி இடைவெளி, பக்கத்துக்கு 150 சொல். உரை 167 பக்கம், தலைப்புகள் 11, முழுப்பக்கப் படங்கள் 20, முன்பக்கங்கள் 8. மொத்தம் 206. அச்சில் 208, பதின்மூன்று பாரம்.

அதே கதைதான், ஐந்து பாரம் கூடுதல். ஆனால் விலை வைக்கும்போது வாங்குபவர் மனக்கணக்கு நேர்மாறாக ஓடுகிறது: ‘குழந்தைப் புத்தகத்துக்கு இவ்வளவா?’

படச் செலவையும் சேர்த்துப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காக விலை 260 ரூபாய் என்று வையுங்கள். விற்பனையாளர் கழிவு 40 சதவீதம் என்றால் 104 போய்விடும். எழுத்தாளர் உரிமைத்தொகை 10 சதவீதம், 26 ரூபாய். கையில் 130. ஒரு படத்துக்கு 1,500 என்று 20 படத்துக்கு 30,000 ஆகிறது. 500 பிரதி அடித்தால் பிரதிக்கு 60 ரூபாய் படத்துக்கே போகும். மிச்சம் 70இல் தாள், அச்சு, கட்டு, பக்க வடிவமைப்பு, மெய்ப்பு (பிழை திருத்தம்), கிடங்கு எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. 2,000 பிரதி அடித்தால் படச்செலவு பிரதிக்கு 15 ஆகும், கணக்கு நேராகும். ஆனால் புதிய எழுத்தாளரின் 208 பக்கச் சிறார் நாவலை 2,000 பிரதி அடிக்கப் பதிப்பாளர் துணிய மாட்டார்.

அதனால் அவர் சொல்வது: “பாதியாக்கிக் கொடுங்க.” எழுத்தாளர் 25,000 சொல்லை 12,000 ஆக்குகிறார். வெட்டும்போது சம்பவங்கள் மிஞ்சுகின்றன; விதியை விதைத்த சின்னக் காட்சிகள் முதலில் போகின்றன. தலைகீழ்ச் சுடர் போய் ‘சொல்லொணா அழகு’ திரும்பி வருகிறது. பதினெட்டாம் அத்தியாய மோதிரம் ஒளிவிடுகிறது. படித்த பிள்ளை ‘இங்கிலீஷ் புக்தான் நல்லாருக்கு’ என்கிறது; அடுத்த நூல் இன்னும் குறைவாக அச்சாகிறது. அலமாரியின் நடுத்தட்டு காலியானது இப்படித்தான்.

முன்பு இந்தச் சுழலை இதழ்கள் உடைத்தன. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய ‘அம்புலிமாமா’ போன்ற மாத இதழ்களில் நெடுங்கதை தவணையாக வந்தது. படமும் தாளும் இதழின் கணக்கு. பிள்ளைகளுக்குப் பிடித்ததா என்பது நூலாகும் முன்பே தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்களம் சுருங்கிய பிறகு முழு ஆபத்தும் நூலின் தலையில் விழுந்தது.

வெட்டாமல் பக்கத்தைக் குறைக்க வழிகள் உண்டு. மேலே சொன்ன 20 முழுப்பக்கப் படங்களுக்குப் பதில் ஆறு முழுப்பக்கம், உரைக்கு இடையே கால் பக்க அளவில் இருபது சிறு படம் என்று வைத்தால் படத்துக்கு 11 பக்கம் போதும். எழுத்தைப் பன்னிரண்டரைப் புள்ளியாக்கி வரியைச் சற்று நெருக்கினால் பக்கத்துக்கு 170 சொல் வரும். மொத்தம் 177, ஒரு பக்கத்தை எங்காவது இழுத்துப் பிடித்தால் 176, பதினொரு பாரம். கதையில் ஒரு சொல்லும் வெட்டாமல் இரண்டு பாரம் மிச்சம்.

படம் கேட்கும் முறை

ஓவியருக்கு முழுக் கைப்பிரதியும் போக வேண்டும், சுருக்கம் போதாது. கூடவே ஒரு கேரக்டர் ஷீட்: வயது, உயரம், உடை, எந்தக் கையில் தழும்பு. எட்டாம் அத்தியாயத்தில் இடது கையில் இருந்த தழும்பு பன்னிரண்டாம் அத்தியாயப் படத்தில் வலது கைக்கு மாறினால், அதைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. முதலில் பென்சில் கோட்டோவியம், ஒப்புதல், பிறகு மை அல்லது வண்ணம். வண்ணம் தீட்டிய பின் கோணம் மாற்றச் சொல்வது கூலியும் உறவும் கெடும் வேலை.

அச்சுக்கான கோப்பு அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும். வண்ணப் படம், அச்சின் நான்கு மைக்கு ஏற்ற சிஎம்ஒய்கே முறையில் வர வேண்டும். திரையில் மின்னும் பச்சையும் ஊதாவும் அச்சில் மங்கும், மாயக் காட்சிகளில் ஓவியர்கள் அதிகம் நம்புவது அந்த இரண்டையும்தான். ஓரம் வரை செல்லும் படத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கூடுதல் விளிம்பு விட வேண்டும். முதுகைப் பசையால் ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகுப் பக்கம் பத்து மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே மறையும். அங்கே நாயகியின் முகத்தை வைத்தால் பாதி முகம்தான் தெரியும்.

எழுத்துரு, வரி அமைப்பு

தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொக்கி உண்டு. ‘கீ’யின் சுழி மேலே, ‘பூ’வின் வால் கீழே. அதனால் 13 புள்ளி எழுத்துக்கு 19, 20 புள்ளி வரி இடைவெளி தேவை. இருபுறமும் சீராக்கிய வரியில் நீண்ட சொற்கள் விழுந்தால் சொல்லிடை ஓட்டைகள் பெரிதாகும். இளையோர் நூலில் இடப்பக்கம் மட்டும் சீராக்கி, வலப்பக்கத்தை விட்டுவிடலாம். வடிவமைப்பாளர் முகம் சுளிப்பார், பிள்ளைக்குக் கண் தடுமாறாது.

கைப்பிரதி யூனிகோடில் இருந்து, பக்க வடிவமைப்பு பழைய எழுத்துரு முறையில் நடந்தால் மாற்றும்போது பிழைகள் நுழையும். ‘ௌ’ உடைந்து ஒற்றைக்கொம்பும் ‘ள’வுமாகும், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ உட்காரும், மேற்கோள் குறி ஏதோ ஓர் எழுத்தாகும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் யூனிகோட் தமிழையே பயன்படுத்துவதானால் வேர்ல்ட் ரெடி காம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எந்த வழியானாலும் கடைசி மெய்ப்பைப் பிடிஎஃப் கோப்பில், தாளில் எடுத்துப் பார்க்க வேண்டும். வேர்டு கோப்பில் மெய்ப்புப் பார்த்து முடித்துவிட்டோம் என்பது பாதி வேலை. மெய்ப்பு பார்ப்பவர் கையில் ஒரு பெயர்ப்பட்டியலும் இருக்கட்டும்: ‘மாயக்கல்’ சேர்த்தா, ‘மாயக் கல்’ பிரித்தா என்பதை நூல் முழுவதும் ஒரே மாதிரி வைக்க அது உதவும்.

பிள்ளைகளிடம் சோதிப்பது

நான்காம் வரைவை ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடம் வாசித்துக் காட்டலாம். ‘பிடிச்சுதா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், பயனில்லை. ஓர் அத்தியாயம் முடிந்ததும் ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். ஆளுக்கொரு விடை, ஆனால் எல்லாம் உங்கள் விதிக்கு உட்பட்டு வந்தால் மாயம் புரிந்திருக்கிறது. ‘அவ வேற மந்திரம் போடுவா’ என்று வந்தால் எல்லையை நீங்கள் காட்டவில்லை. உடம்பு நெளியத் தொடங்கும் வரியைக் கைப்பிரதியில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு தாத்தா அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒப்பந்தமும் பதிவும்

வாய்மொழியாக நடக்கும் வேலை இது என்பதால் பின்னால் சண்டை வருவதும் இங்கேதான். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்வது:

1. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும்.
2. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும்.
3. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். சிங்கப்பூர், மலேசியா விற்பனை எண்ணமிருந்தால் எழுதிவிட வேண்டும்.
4. மாற்றிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகும்.

ஓவியருக்குத் தனி எச்சரிக்கை: விலை கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. அட்டையில் வந்த பூதம் நாளை பொம்மையாகவோ அசைபடமாகவோ ஆனால் பங்கு வேண்டும் என்றால் இன்றே ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும்.

ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண் இந்தியாவில் இலவசம்; மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் தருகிறது. தாள் அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் மூன்றுக்கும் தனித்தனி எண். நூல் வெளியானதும் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் தலா ஒரு பிரதி பதிப்பாளர் செலவில் போக வேண்டும். சொந்தமாக வெளியிடுபவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு பாகமாக்கினால்

25,000 சொல்லைப் பாதியாக வெட்டுவதற்குப் பதில் இரண்டு நூலாக்குவது இப்போது அதிகம் பேசப்படும் வழி. 12,500 சொல், 11 அத்தியாயம், பத்துப் படம் என்றால் 108 பக்கம்; 112இல், ஏழு பாரத்தில் அடங்கும். இரண்டும் சேர்த்து 14 பாரம், மேலே கணக்கிட்ட 13 பார நூலைவிட ஒரு பாரம்தான் கூடுதல். விலையும் பெற்றோரின் கை நீளும் தூரத்துக்கு வரும்.

இதில் இரண்டு கண்ணி உண்டு. முதல் பாகம் தனக்குள் ஒரு சிக்கலைத் தீர்த்து முடிய வேண்டும்; பெரிய கேள்வியை மட்டும் திறந்து வைக்கலாம். நடுக்கடலில் நிறுத்தினால் வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். இரண்டாவது, இரண்டாம் பாகம் வரும் நாளில் முதல் பாகம் கடையில் இருந்தாக வேண்டும். 500 பிரதி தீர்ந்து ஓராண்டு ஆன பிறகு இரண்டாம் பாகத்தை வெளியிட்டால், அதை வாங்கக்கூடியவர் ஏற்கெனவே முதல் பாகம் வைத்திருக்கும் 500 பேர் மட்டுமே. எனவே முதல் பாகத்தின் அச்சுக் கோப்பைத் தேவைக்கேற்ப அச்சிடும் முறைக்கும் பொருந்துமாறு அப்போதே தயார் செய்து வைப்பார்கள்: வண்ண உட்பக்கம் இல்லாமல், கறுப்பு மை மட்டும், முதுகு அகலம் தாளின் கனத்துக்கு ஏற்ப மாற்றத்தக்க அட்டை. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) எடையுள்ள மேப்லித்தோ என்னும் அச்சுத்தாள் ஒன்றின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்பதால் 112 பக்க நூலுக்கு முதுகு ஆறு மில்லிமீட்டருக்குள் நிற்கும். ‘பாகம் 1’ என்பதை அந்த ஆறு மில்லிமீட்டரில் படிக்கும்படி போட வேண்டும். அலமாரியில் செருகிய பிறகு வாசகருக்குத் தெரிவது அது மட்டும்தான்.